வேலிக்குள் களை

சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்மேட்டில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. அங்கே தமயந்தி கம்பிவேலி போட்டு வைத்திருக்கும் துண்டு நிலம், பெருக்கித் தெளித்த வாசல்போல் சுத்தமாக இருக்கிறது. யாரும் விதைக்காமல், தண்ணீர் ஊற்றாமல், இந்தச் செத்த மண்ணில் எது தானாக முளைக்கிறது என்று நாலு வருஷமாக அவள் ஆராய்ந்துவரும் இடம் அது. "மெட்ராசுலேர்ந்து பெரிய ஆபீசருங்க வராங்கன்னீங்களே, அதான் ஒரு பூண்டு விடாம புடுங்கிட்டேங்க" என்கிறாள், காண்ட்ராக்ட்டில் மரக்கன்று நடும் பெரியநாயகி. "இம்மாம் படிச்சிட்டு, வூட்டு வாசல்ல புல்லு மண்டுனாலும் பாத்துக்கினே நிப்பீங்க போல!" சிரிக்கும் அவள் விரல்களில் பச்சைக்கறை இன்னும் காயவில்லை. தமயந்தி வேலிக்குள் வெறுமையாகக் கிடக்கும் மண்ணைப் பார்க்கிறாள். "நல்லாருக்கு பெரியநாயகி" என்று மட்டும் சொல்கிறாள். வேலியோரம் வாடிக்கிடக்கும் குவியலில், புல்லுக்கும் எருக்குக்கும் அடியில், பறவை போட்ட விதையில் முளைத்த வேப்பங்கன்று வேரோடு கிடக்கிறது. மேட்டில் இதுவரை தானாக வந்த ஒரே மரம் அதுதான். அவள் குனிந்து, விரலால் குழி பறித்து அதை நடுகிறாள். கையால் நட்டது இனி அவளுடைய ஆராய்ச்சியில் சேராது. "இருங்கம்மா, தண்ணி கொண்டாரேன்" என்று பெரியநாயகி குடத்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறாள். தமயந்தி தடுக்கவில்லை.