வலது காதில் மழை

அப்பாவின் கடைசிப் பிறந்தநாளுக்கு அக்காவால் வர முடியவில்லை. அன்று அவள் வெளியூரில் இருந்தாள். தம்பி ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவன். அந்தப் பிறந்தநாளில் அவன் சுற்றிலும் மைக் வைத்துப் பதிவு செய்திருந்த சரவுண்ட் ஒலியை, காரில் கேட்கும்படி இடது, வலது என இரண்டு சேனல் எம்பி3யாக மாற்றித் தரச் சொல்லியிருந்தாள்.

அதை வாங்க வருவதாகச் சொன்ன நாளில், மதியம் போனில் கூப்பிட்டாள். "கிளம்பிட்டேன்டா. முடிச்சு வை."

"மழை கொட்டுது. மெதுவா வாக்கா."

மாற்றிய கோப்பு மூலப் பதிவைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. அப்படி ஆக வழியே இல்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடைசிப் பகுதியை ஓடவிட்டான். கைதட்டல் அடங்கியது. மூலம் அங்கேயே முடிந்துவிடும். இது தொடர்ந்தது. இடது காதில், இறந்து ஒரு வருடமாகிவிட்ட அப்பா செருமினார்.

"எல்லாரும் வந்தாச்சா?"

வலது காதில் மழைச் சத்தம். அதற்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "இதோ, வந்துட்டேன்பா."

உடனே அவளைக் கைபேசியில் கூப்பிட்டான். ஹெட்போனைக் கழற்றத் தோன்றவில்லை. வலது காதில், மழைக்கு நடுவே, அக்காவின் கைபேசி அடிக்கத் தொடங்கியது.

"யாரும்மா அது?" என்றார் அப்பா.

"தம்பிப்பா."

அவன் கையிலிருந்த கைபேசியில் மணி போய்க்கொண்டே இருந்தது.