சக்களத்தி

கணவர் ஞானசீலன் இருந்தவரை அவருடைய தையல் மிஷினுக்கு அற்புதம் வைத்திருந்த பெயர் சக்களத்தி. "போங்க, அவ காத்துக்கிட்டிருக்கா" என்று சொல்லி அவருடைய காபியை மிஷின் பலகைமேல்தான் வைப்பாள். அவரும் மறுக்காமல் சக்கரத்தைத் தட்டிக் கொடுப்பார். அவர் போன பிறகு, இனி நாமே தைத்துப் பிழைக்கலாம் என்று அவள் உட்கார்ந்தாள். மிஷின் இரண்டு தையல் போட்டுவிட்டு நூலை அறுத்தது.

பழுது பார்க்க வந்த பீர்முகமது உள்ளே எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"எல்லாம் தேஞ்சு கிடக்குக்கா. சரி பண்ணாலும் மக்கர் பண்ணும். இதைக் குடுத்துட்டு மோட்டார் வச்சது எடுத்துக்கங்க. சொன்ன பேச்சு கேக்கும்."

"இது கேக்காதா?"

"அண்ணன் பேச்சை மட்டும் கேட்டுச்சு."

அற்புதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வழியாகத் தலையாட்டினாள். ஆனால் அவன் மிஷினைத் தூக்கக் குனிந்ததும், பலகையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்ப்பா. அவர் இல்லாத நேரம் பாத்து இவளை வெளிய அனுப்புனா ஊரு என்ன பேசும்?"

"மிஷினுக்காக எந்த ஊரு பேசும்க்கா?"

"நீ சரி பண்ணு."

சாயங்காலம் அவன் வேலையை முடித்துப் போனான். அற்புதம் ஆசையாக மிதித்தாள். சக்கரம் அவளைச் சட்டை செய்யாமல் பின்பக்கமாகச் சுற்றி மறுபடியும் நூலை அறுத்தது.

"கொழுப்பைப் பாரு இவளுக்கு" என்று எழுந்து போனவள், காபியை இரண்டு டம்ளரில் ஆற்றி எடுத்து வந்தாள். ஒன்றை வழக்கமான இடத்தில் வைத்தாள்.