தோளில் தவசி

ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு எழுத்துத் தேர்விலும் நேர்காணலிலும் தேறிய நாகஜோதியை, உடல் பரிசோதனையில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். தோளில் பச்சை குத்தியிருக்கக் கூடாதாம். அழித்துவிட்டு வரச் சொன்னார்கள். எல்லையில் இறந்துபோன அவள் அண்ணன், சிப்பாய் தவசியின் பெயர் அது. “நீ ஆபீசராகணும் பாப்பா, நான் சல்யூட் அடிக்கணும்” என்று ஒவ்வொரு லீவிலும் சொல்லிவிட்டுப் போனவன்.

லேசர் வைக்கிற டாக்டரிடம் தாய் ஒச்சம்மாள்தான் கூட்டிப்போனாள். அவளுக்கு எழுத்து தெரியாது. மகள் உறங்கும்போது அந்தக் கறுப்புக் கோடுகளைத் தடவிப் பார்த்திருக்கிறாள். வெறும் தோல்தான் தட்டுப்படும். இன்று லேசர் பட்டதும் மூன்று எழுத்தும் வெளுத்துத் தடித்து எழும்பி நின்றன. ஒச்சம்மாள் அவற்றின்மேல் மெதுவாக விரலை ஓட்டினாள்.

“தொடாதீங்கம்மா, புண்ணு. சாயங்காலம் வத்திரும். இன்னும் நாலஞ்சு தடவை வந்தா மொத்தமாப் போயிரும்” என்று நர்ஸ் களிம்பை எடுத்தாள்.

“செத்த பொறு தாயி.”

நாகஜோதிக்கு எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தோளை அம்மா பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினாள்.