தியாகியின் அண்ணன்

கொடி நட்டதற்காகத் தன் தம்பி பூதலிங்கத்தை வெட்டிக் கொன்ற கட்சியோடு தன் தேசியக் கட்சியே கூட்டணி வைத்துவிட்டதை, மேடையைப் பார்த்த பிறகுதான் கோமதிநாயகம் நம்பினார். அந்தக் கட்சிக்காரர்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர் அவர். தியாகி என்று மாநாடுதோறும் வைக்கும் தம்பியின் படம் இன்றும் மேடைமேல் முன்வரிசையில் இருந்தது. அதற்கு மாலை போட்டவர், வெட்டியவர்களை ஜாமீனில் எடுத்த அந்தக் கட்சித் தலைவர் குணராஜன்.

"நாடுதானே அண்ணாச்சி பெருசு. பழச மறந்துருங்க," என்றான் அவருடைய சொந்தக் கட்சியின் கிளைச் செயலாளர்.

"செத்தது உன் தம்பியா? மறக்கச் சொல்ல நீ யாரு?"

கோமதிநாயகம் மேடையேறினார். மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, படத்தை இடக்கையால் மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினார். குணராஜன் சிரித்தபடியே அவருடைய வலக்கையைப் பற்றி உயரத் தூக்கினார்.

"தியாகியின் அண்ணனே நம்மோடு!" என்று ஒலிபெருக்கி முழங்கியது. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

"கைய இறக்கிராதிய அண்ணாச்சி, ஒரேயொரு போட்டோ!" என்று கீழிருந்து கத்தினார்கள்.

கோமதிநாயகம் கையை இழுத்துப் பார்த்தார். பிடி இறுகியது. உதறிக்கொள்ள மற்றக் கையும் வேண்டும். அதற்குத் தம்பியைக் கீழே போட வேண்டும்.