காட்லீப்புக்கு அடித்த மணி

எங்கள் எள்ளுத்தாத்தா காட்லீப் ராட்கே ஜெர்மனியில் பிறந்தது 1831 என்று கிடைத்துவிட்டது. கப்பலேறி அமெரிக்காவில் விஸ்கான்சினுக்கு வந்தது, நிலம் வாங்கியது, கல்யாணம், பிள்ளைகளின் ஞானஸ்நானம் எல்லாவற்றுக்கும் பதிவு கிடைத்தது. இறந்ததற்கு மட்டும் ஒரு காகிதம்கூட இல்லை. கல்லறையும் இல்லை. ஓய்வு பெற்றதிலிருந்து இதற்கே அலைந்து எனக்குக் கண்ணும் காலும் விட்டுப்போயின.

"செத்தவரைத் தேடித் தேடி நீ போய்ச் சேந்துராதக்கா," என்பான் தம்பி டெல்மர்.

அன்று காலை, முடித்துத் தொலைத்தால் போதும் என்றிருந்தது. கணினியில் எங்கள் வம்சாவளியில் அவருடைய பக்கத்தை மூடப் போனேன். இறந்த தேதி கேட்டது. அன்றைய தேதியையே தட்டிவிட்டுக் காபி போட வந்தேன். டெல்மர் சமையலறையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

சற்று நேரத்தில் தேவாலய மணி அடித்தது. எங்கள் ஊரில் யாராவது இறந்தால், அவர் வாழ்ந்த வருஷத்துக்கு ஒரு அடியாக அடிப்பார்கள். கையிலிருப்பதை வைத்துவிட்டு எல்லோரும் எண்ணுவோம். யார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

எண்பது தாண்டியதும் டெல்மர், "எல்விரா கிழவிதான் போயிருச்சு," என்றான்.

தொண்ணூறில், "இல்ல, ஹார்வி பெரியப்பா."

நூறு தாண்டியதும் ரொட்டியைக் கீழே வைத்தான். "எவன்க்கா மணியடிக்கிறது? காலையிலேயே குடிச்சிட்டானா?"

மணி அவசரமில்லாமல், ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்தது. காபி ஆறிப்போனது. நூற்றைம்பதுக்கு மேல் அவன் எண்ணுவதை விட்டுவிட்டான். நான் விடவில்லை. எதில் நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

நின்றதும், எழுந்துபோய்க் கறுப்பு உடுப்பை இஸ்திரி போட எடுத்தேன்.