கடலையை மறக்காதவள்

மறதி நோய்க்கு மருந்து தேடும் ஆய்வுக்கூடம் ஒன்றில், ஒரே கூண்டில் இரண்டு கிழட்டு எலிகள் இருந்தன. ஒருத்தி மொட்டைவாலி, இன்னொருத்தி பட்டு. மூளைக்குள் ஞாபகத்தைக் கெடுக்கும் நொதி ஒன்று உண்டாம். அதன் வாயைக் கட்டும் மருந்தை ஓர் எலிக்கும், வெறும் தண்ணீரை மற்ற எலிக்கும் காலைதோறும் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார்கள். எது யாருக்கு என்று எலிகளிடம் யார் சொல்வார்கள்?

மொட்டைவாலிக்குச் சந்தேகமே இல்லை. மருந்து பட்டுவுக்குத்தான்! இல்லாவிட்டால் மேனியில் இத்தனை மினுமினுப்பு எப்படி வரும்? படுத்ததும் எப்படித் தூக்கம் வரும்? வயிறெரிந்துபோய் அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். ஆனாலும் எத்தனை நாள்தான் அடக்குவது? ஒரு காலையில் வெடித்தாள்.

"ஏண்டி, மருந்து பூராவும் உனக்குத்தானா? வந்த அன்னிக்கே என் கடலையைப் பிடுங்கித் தின்னவதானடி நீ!"

பட்டு முகம் மலர எழுந்து வந்தாள்.

"வாங்கக்கா, இப்பத்தான் வர்றீங்களா? நல்லதாப் போச்சு, இங்க நான் தனியாவே கிடந்தேன்" என்று தன் கடலையில் பாதியை அவள் பக்கம் தள்ளினாள்.

மருந்து யாருக்கு, தண்ணீர் யாருக்கு என்று மொட்டைவாலிக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை தன் சொட்டுகளை விழுங்கியபடியே, பட்டுவின் வாயில் விழும் தண்ணீரை அவள் வெறித்துப் பார்த்தாள்.

"கொடுத்து வச்சவ" என்று பல்லைக் கடித்தாள். "ராத்திரியெல்லாம் எப்படித் தூங்குறா பாரு!"