முதல் ஆட்டம்

தோசையைப் பிய்த்து வாயில் வைத்தபோதே நஞ்சப்பனுக்குக் கண் சொருகியது.

சரியாகத் தூங்கிப் பல நாளாகியிருந்தது. ராத்திரியெல்லாம் கிணற்றடியில் மாட்டைப் பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டி ராகிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் உண்மைதான்.

தர்மபுரி காபி கிளப்பில் பெண்களுக்குத் தட்டி கட்டி மறைத்த இடம் தனியாக இருந்தது. அந்தப் பக்கம் அவன் மனைவி தீர்த்தம்மாளும் தங்கை காவேரியும். இந்தப் பக்கம் அவனும், பாப்பாரப்பட்டியில் கூப்பிடாமலே வண்டியில் ஏறிக்கொண்ட பெரியப்பா சென்றாயனும்.

"தாலியறுத்தவளுக்கு ஓட்டல் பலகாரம் கேக்குதா?" என்றார் பெரியப்பா, அடுத்த தோசைக்குக் கையை நீட்டியபடி.

"தீர்த்தம்மாதாங்க படம் பாக்கோணும்னு உசுரை வாங்கறா. அவளுக்குத் தொணைக்கு ஒருத்தி வேணுமில்லீங்களா?"

தீர்த்தம்மாள் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் மறுத்தும் பேசவில்லை.

உலகச் சண்டைக் காலம். சர்க்கரை கிடைக்காமல் காபியில் வெல்லம் போட்டிருந்தார்கள். அதைக் குடித்துவிட்டுக் காவேரி மெதுவாகச் சிரிப்பது கேட்டது.

பதினேழு வயதில் புருஷனை வாந்திபேதிக்குக் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சேலையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். எல்லோருக்கும் முன்னால் எழுந்தாள். எல்லோருக்கும் பின்னால் சாப்பிட்டாள். பங்காளி வீடுகளில் விசேஷம் என்றால் மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் சிரிப்பு எப்படியிருக்கும் என்பதே அவனுக்கு மறந்திருந்தது.

பொழுது சாய்ந்ததும் டெண்ட் கொட்டகையில் மணி அடித்தார்கள்.

உள்ளே மணல் தரை. நடுவில் இடுப்பளவு மண்சுவர். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். திரையில் ஒரு ராணி காட்டில் நின்று பாட ஆரம்பித்தாள். பெரியப்பா மணலைக் குவித்து அதன்மேல் சாய்ந்தார். பாட்டு முடிவதற்குள் குறட்டை.

நஞ்சப்பனுக்கும் அப்படியே மணலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஒரே மெஷின் என்பதால் ஒவ்வொரு சுருள் தீரும்போதும் விளக்கைப் போட்டார்கள். அப்போதெல்லாம் அவன் மண்சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தான். தீர்த்தம்மாள் இருந்தாள். பக்கத்தில் காவேரியின் வெள்ளைச் சேலை தெரிந்தது.

மறுபடி இருட்டு.

வெளியே ரோட்டோரத்தில் சேலம் பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு, கரியில் ஓடுகிற பஸ். அடுப்புக்குக் காற்றடிக்க விசிறியைச் சுற்றும் சத்தம் கரகரவென்று உள்ளே கேட்டது. ராணி என்ன பாடினாள் என்று அவனுக்குத் தெரியாது. விசிறியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

எஞ்சின் இருமியது. நின்றது. மறுபடி விசிறி. மறுபடி இருமல்.

பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தம் தேய்ந்து மறைந்து கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிந்தது. மண்சுவருக்கு அந்தப் பக்கம் தீர்த்தம்மாள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

அவன் எழுந்திருக்கவில்லை. வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த பஸ்ஸில் கிருஷ்ணப்பன் இருந்தான். பாலக்கோட்டுக்காரன், சேலத்தில் மில் வேலை. காவேரியைக் கட்டிக்கொள்கிறேன் என்று ராத்திரியில் கிணற்றடிக்கு வந்து நஞ்சப்பனிடம் கேட்டவன். பெரியப்பா காதுக்கு எட்டியிருந்தால் குடும்பத்தையே ஊரைவிட்டுத் தள்ளிவைத்திருப்பார். காவேரியை என்ன செய்திருப்பார் என்று அவன் யோசிக்கவே பயந்தான்.

தங்கையிடம் மட்டும் கேட்டான். அவள் சரியென்றாள். வேறு யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை. தீர்த்தம்மாளிடம்கூட. நாளைக்கு ஊர் விசாரிக்கும்போது அவளாவது தெரியாது என்று தைரியமாகச் சொல்லட்டும்.

படம் முடிந்து கூட்டம் வெளியே வந்தது.

"புள்ளைங்க எங்கடா?" என்றார் பெரியப்பா, துண்டை உதறியபடி.

இனி அவன் பதற வேண்டும். தங்கையைக் காணோம் என்று கத்த வேண்டும். வண்டியில் வரும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தான். இப்போது வாயைத் திறந்தால் குரல் எழும்பவில்லை. அவ்வளவு அசதி.

பெண்கள் வாசலிலிருந்து தீர்த்தம்மாள் ஓடி வந்தாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது.

"ஐயோ, காவேரியக் காணமே! ஏரிப் பக்கம் ஒதுங்கிட்டு வரேன்னு போனவ, வரவே இல்லீங்களே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

ஏரி வடக்கே இருந்தது. சேலம் ரோடு தெற்கே.

பெரியப்பா யார் கையிலோ இருந்த லாந்தரைப் பிடுங்கிக்கொண்டு வடக்கே ஓடினார். சனங்களும் பின்னாலேயே ஓடினார்கள்.

நஞ்சப்பன் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் அழுகையை நிறுத்தாமல் அவன் பக்கம் சாய்ந்தாள்.

"உங்க தங்கச்சி எங்கிட்டச் சொல்லாம இருப்பாளா? இருட்டுலயே என் கூறைச்சேலையக் கட்டிவுட்டுத்தான் அனுப்புனேன். அவ வெள்ளைய என் வயித்துல சுத்தியிருக்கறேன். கூப்புடுங்க, சத்தமா."

அவன் ஏரிப் பக்கம் திரும்பி, தங்கையின் பெயரைச் சொல்லிக் கத்தினான்.